டயட்டை விட்டுவிட்டுப் பசியை நம்பலாமா?

டயட் இருந்து எடையைக் குறைப்பது, சில மாதங்களில் அது திரும்ப ஏறுவது, மறுபடி இன்னொரு டயட் என்று வருடக்கணக்கில் அலைந்தவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். இனி எந்த டயட்டும் வேண்டாம், பசித்தால் சாப்பிடுவோம், வயிறு நிறைந்தால் எழுந்துவிடுவோம் என்று இருந்துவிடலாமா? இன்ட்யூட்டிவ் ஈட்டிங், அதாவது உடல் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடும் முறை, 'தாராளமாக' என்கிறது. எடைக் குறைப்பைத் தொழிலாகக் கொண்ட பலர் 'அது ஆபத்து' என்கிறார்கள். இரு தரப்பும் ஆய்வுகளைக் காட்டுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஒரு தரப்பு பெரும்பாலும் மனநிம்மதியை அளந்திருக்கிறது, இன்னொரு தரப்பு எடையையும் ரத்தச் சர்க்கரையையும் அளந்திருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க இடம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டோடு சண்டை போடாமல் வாழும் வழி என்ற அளவில், டயட்டின் இடத்தை இந்த முறை பிடித்துக்கொள்ளும். பலருக்கு டயட்டைவிட நன்றாகவே பொருந்தும். எடை குறைக்கும் உத்தியாகவோ நோய்க்கான பத்தியமாகவோ அது அந்த இடத்தைப் பிடிக்காது. ஆகவே நீங்கள் இதுவரை டயட்டை எதற்காக வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் அமையும்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

அமெரிக்க உணவியல் நிபுணர்கள் ஈவ்லின் ட்ரிபோலி, எலிஸ் ரெஷ் இருவரும் 1995இல் இந்த முறையைப் பத்துக் கொள்கைகளாக வகுத்தார்கள். டயட் மனப்பான்மையை உதறு என்பதில் அது தொடங்குகிறது. பசியை மதிப்பது, எந்த உணவையும் தடைசெய்யாமல் இருப்பது, 'இது நல்லது, அது பாவம்' என்று தலைக்குள் ஓடும் குரலுக்குப் பதில் சொல்வது, ருசித்துத் திருப்தியாகச் சாப்பிடுவது, வயிறு நிறைவதைக் கவனிப்பது, மனக்கஷ்டத்தைச் சாப்பாட்டால் மட்டுமே தீர்க்காமல் இருப்பது, உடலை மரியாதையோடு நடத்துவது, கலோரி எரிப்பதற்காக இல்லாமல் உடம்புக்கு இதமாக இருப்பதற்காக நடமாடுவது என்று அது நீள்கிறது. கடைசிக் கொள்கை, ஆரோக்கியத்தையும் மனதில் வைத்து உணவைத் தேர்ந்தெடுப்பது. இந்தக் கடைசிக் கொள்கை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. 'என்ன வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு' என்று சுருக்கிச் சொல்லப்படும்போது, பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் விட்டுவிடுகிறோம்.

டயட் என்று இங்கே நான் சொல்வது, எடை குறைப்பதற்காக வெளியிலிருந்து வரும் ஒரு விதிக்கு அளவையும் நேரத்தையும் ஒப்படைக்கிற எல்லா முறைகளையும். கலோரி கணக்கு, மாவுச்சத்துத் தடை, நேரம் வைத்து விரதம் எல்லாமே இதில் அடங்கும். அவற்றுக்குள் எது உயர்ந்தது என்ற சண்டையில் இறங்க வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கியிருந்தார்கள். பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நிறைய இறங்கியவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். முறைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட மனிதர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பெரிது.

டயட் எங்கே உடைகிறது

டயட்டில் தோற்றவர்கள் தங்களைத்தான் முதலில் திட்டிக்கொள்கிறார்கள். மனக்கட்டுப்பாடு இல்லை, வாயைக் கட்டத் தெரியவில்லை என்று. இந்தக் குற்ற உணர்ச்சி எத்தனை பேரின் வாழ்க்கையை எத்தனை வருடம் தின்றிருக்கிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இதில் பெரும்பகுதி உடலின் வேலை.

1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் தரப்பட்டது. உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. ஆனால் எடையைவிட மனதில் நடந்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் குறிப்புகளை விழுந்து விழுந்து படிப்பது, எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது. கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் பலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி இருந்தது. அவர்கள் ஒல்லியானவர்கள், நிறைய நடக்கவும் வைக்கப்பட்டார்கள். அதனால் அதை அப்படியே இன்றைய எடைக் குறைப்போடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இன்று பலர் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் டயட்டில் கலோரி இதைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் இதன் ஹார்மோன் கணக்கைக் காட்டின. பருமனான 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்த ஆஸ்திரேலிய ஆய்வு 2011இல் வெளியானது. எடை குறைந்ததும், கொழுப்புத் திசுவிலிருந்து வந்து 'போதும், இருப்பு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்கியது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது. ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் இந்த மாற்றங்கள் முழுதாகச் சரியாகவில்லை. அவர்களுக்குப் பசி முன்பைவிட அதிகமாகவே இருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு இன்னொரு கணக்கைப் போட்டது. இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றல் 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி என்ற அளவில் கூடுகிறது. பத்துக் கிலோ இறங்கியவர் முன்பைவிட 1,000 கலோரி அதிகம் கேட்கும் பசியோடு தினமும் போராடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை அதே குழு ஆறு வருடம் கழித்துச் சோதித்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்களின் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவு குறைவாகவே இருந்தது.

இதோடு மனதின் பங்கும் சேர்கிறது. 1975இல் நடந்த ஒரு சோதனையில், வழக்கமாக வாயைக் கட்டும் பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்து, அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். வாயைக் கட்டும் பழக்கம் இல்லாதவர்களிடம் இது நடக்கவில்லை. விதி ஒருமுறை உடைந்துவிட்டால் 'இன்றைக்குப் போனது போனதுதான்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. டயட் இருந்த எவருக்கும் அந்த எண்ணத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

ஆனால் டயட் எப்போதும் தோற்கிறது என்பது பொய்

உடல் சொல்வதைக் கேட்கும் முறையை ஆதரிப்பவர்கள் பலர் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். '95 சதவீத டயட்டுகள் தோல்வி' என்ற வாசகத்தை எங்கும் பார்க்கலாம். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு ஆலோசனை பெற்றவர்களுக்கு, போலி மாத்திரை தரப்பட்ட குழுவைவிடச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. பின்னாளில் எடை கொஞ்சம் திரும்பினாலும் இடையில் கிடைத்த வருடங்கள் வீணாகவில்லை.

ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் பிரிட்டனில் நடத்திய ஆய்வு இதைவிடத் தெளிவானது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் சுமார் 850 கலோரி மட்டும் தரப்பட்டது. ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் அது 36 சதவீதம். மருத்துவக் கண்காணிப்போடு நடந்த கடுமையான டயட் இது, தனியாகச் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் நோயின் தொடக்கத்தில் இருப்பவரிடம் 'டயட் எதுவும் வேலைக்காகாது' என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பசி எவ்வளவு நம்பகமானது

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். இந்த முறை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தடைகளை எடுத்துவிட்டால் உடல் தனக்கு வேண்டியதை வேண்டிய அளவு கேட்கும் என்பதே அது. இந்த நம்பிக்கை பாதி சரி.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1920களின் இறுதியில் தொடங்கி நடத்திய சோதனை இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுகிறது. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகள் முறைவைத்து வைக்கப்பட்டன. யாரும் ஊட்டிவிடவோ வற்புறுத்தவோ இல்லை. குழந்தைகள் தாங்களாகவே எடுத்துச் சாப்பிட்டு நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு வலுவிழந்த நிலையில் வந்த ஒரு குழந்தை, குணமாகும்வரை மீன் எண்ணெயைத் தானாகவே விரும்பிக் குடித்தது. ஆனால் 1939இல் எழுதிய கட்டுரையில் டேவிஸ் தானே இதன் சூட்சுமத்தைச் சொல்லிவிட்டார். தட்டில் இருந்ததெல்லாம் இயற்கையான, பதப்படுத்தாத உணவுகள். சர்க்கரையோ பொட்டலப் பலகாரமோ இல்லை. குழந்தைகளின் பசியை நம்பலாம், ஆனால் முன்னால் எதை வைப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு என்பதுதான் அவர் கண்ட முடிவு.

எண்பது வருடம் கழித்துக் கெவின் ஹால் அதை வேறு விதத்தில் பெரியவர்களிடம் சோதித்தார். 20 பேர் ஆய்வு மையத்திலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் முன்னால் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்பது மட்டுமே விதி. பதப்படுத்திய உணவு கிடைத்த இரு வாரமும் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரு வாரத்தில் 0.9 கிலோ இறங்கினார்கள். இரு உணவுகளும் ஒரே மாதிரி ருசியாக இருந்ததாகத்தான் சொன்னார்கள். டயட்டும் இல்லை, தடையும் இல்லை, பசியைத்தான் கேட்டார்கள். பசி இரண்டு வேறு பதில்களைச் சொன்னது.

அளவு விஷயத்திலும் இதே கதை. பார்பரா ரோல்ஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவை 500 கிராம் தட்டிலும் 1,000 கிராம் தட்டிலும் வெவ்வேறு நாட்களில் வைத்தார்கள். பெரிய தட்டு வந்த நாளில் 30 சதவீதம் அதிகம் உள்ளே போனது. ஆனால் வயிறு கூடுதலாக நிறைந்ததாக யாரும் சொல்லவில்லை. தூக்கமும் பசியை மாற்றுகிறது. ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணிநேரம் மட்டும் தூங்கவிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. ஸ்டீராய்டு மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் பசியை எங்கோ கொண்டுபோய்விடும். முதுமையில் பசி மங்கும். இவர்களிடம் எல்லாம் 'உடலைக் கேளுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பசியுணர்வை இழந்தவர்கள் அதைத் திரும்பக் கற்றுக்கொள்ள முடிகிறது. வருடக்கணக்கில் கடிகாரத்தைப் பார்த்தே சாப்பிட்டவருக்கு லேசான பசிக்கும் கடும் பசிக்கும் வித்தியாசம் மறந்துபோயிருக்கும். சாப்பிடும் முன்பும் நடுவிலும் நின்று, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எங்கே இருக்கிறோம் என்று பார்க்கும் எளிய பயிற்சியே பலருக்கு உதவுகிறது. பசி என்ற கருவி ஓரளவு சரிதான், அதைச் சுற்றியுள்ள சூழலைக் கவனிக்காமல் அதை மட்டும் குறை சொல்வதோ புகழ்வதோ தவறு என்பதே என் வாதம்.

அப்படியானால் இந்த முறை எதைத் தருகிறது

ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் டிரேசி டில்கா 2006இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கிய பிறகு ஆய்வுகள் பெருகின. உணவுக்குத் தடையில்லாத அனுமதி தருவது, மனநிலைக்காக இல்லாமல் உடலுக்காகச் சாப்பிடுவது, பசியையும் நிறைவையும் நம்புவது போன்றவற்றை அது அளக்கிறது. அதில் அதிக மதிப்பெண் வருபவர்களுக்குத் தங்கள் உடலைப் பற்றிய வெறுப்பும், கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் பழக்கமும், மனச்சோர்வும் குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. பதின்வயதினரை எட்டு வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. அதிலும் இதே திசைதான். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபிப்பவை அல்ல. ஏற்கெனவே நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் இப்படிச் சாப்பிட வருகிறதோ என்றும் கேட்கலாம்.

நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளில் 2005இல் வந்தது முக்கியமானது. பல வருடம் டயட் இருந்து சலித்த, பருமனான 78 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான டயட், இன்னொன்றுக்கு உடலை ஏற்றுக்கொண்டு பசியைக் கேட்டுச் சாப்பிடும் பயிற்சி. ஆறு மாதத்தில் டயட் குழுவில் 41 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள். இன்னொரு குழுவில் 8 சதவீதம்தான். டயட் இருந்தவர்கள் முதலில் எடை குறைந்தார்கள், இரண்டு வருடத்தில் அது திரும்பிவிட்டது, ரத்தப் பரிசோதனையில் தெரிந்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை. மற்றவர்களின் எடை இறங்கவே இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்தும் அவர்களின் கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் குறைந்திருந்தன, நடமாட்டம் கூடியிருந்தது, தன்மதிப்பு உயர்ந்திருந்தது. சிறிய ஆய்வு இது, இரண்டு வருடக் கடைசிப் பரிசோதனைக்கு இரு குழுவிலும் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

'எடை இறங்கவே இல்லை' என்ற வாக்கியத்தை மறுபடி படியுங்கள். இதற்குப் பிறகு வந்த சோதனைகளிலும் பொதுவாக எடை அப்படியேதான் நிற்கிறது, அல்லது சற்றே மாறுகிறது. ஆகவே 'டயட் இல்லாமலே எடையைக் குறையுங்கள், உடலைக் கேளுங்கள்' என்று யாராவது பயிற்சி விற்றால் அங்கே போக வேண்டாம். எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு பசியை அளந்தால் அதுவும் இன்னொரு டயட்தான். 'பசிக்காமல் சாப்பிட்டுவிட்டேன்' என்று புதிதாக ஒரு குற்ற உணர்ச்சியும் வந்து சேரும்.

யாருக்கு எது

நோய் எதுவும் இல்லை, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, ஆனால் இளம் வயதிலிருந்தே டயட்டுக்கும் அதன் முறிவுக்கும் நடுவில் ஊசலாடுகிறீர்கள் என்றால், டயட்டை விட்டுவிடுங்கள் என்பதே என் தெளிவான கருத்து. இன்னொரு டயட் உங்களுக்குத் தரப்போவது ஏற்கெனவே கிடைத்ததுதான். முதல் சில மாதம் சுலபமாக இருக்காது. வருடக்கணக்கில் தள்ளிவைத்த இனிப்பை முதலில் அதிகமாகவே சாப்பிடுவீர்கள். எப்போதும் கிடைக்கும் என்பது மனதுக்கு உறைத்த பிறகுதான் அதன் இழுவை தளரும். எடை கொஞ்சம் ஏறலாம். அதைத் தாங்கிக்கொள்ள மனம் தயாராக இல்லை என்றால் பாதி வழியில் பயந்து பழைய டயட்டுக்கே ஓடிவிடுவீர்கள். அதனால் தொடங்கும் முன் இதைப் பற்றி யோசித்துவிடுவது நல்லது.

இங்கேதான் பதப்படுத்திய உணவு பற்றிய ஹாலின் ஆய்வு உங்களுக்குப் பயன்படும். எதையும் தடைசெய்யாமல், வீட்டில் அன்றாடம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பதப்படுத்தாத உணவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். இது டயட்டைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவது ஆகாது. பசி நேர்மையாகப் பேசுவதற்கு இடம் செய்து கொடுப்பது, அவ்வளவுதான். அதோடு தூக்கத்தையும் சரிசெய்தால் நல்லது.

நோய் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் அதை நாக்கோ வயிறோ சொல்லாது. ரத்த அழுத்தம் கூடுவதற்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் துளியும் ஆகாது, பசி கேட்டாலும் கூடாது. இன்சுலின் போடுபவர் மாவுச்சத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். உடல் உணர்த்தாத ஒன்றை உள்ளுணர்வால் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனைக் கூடமும் மருத்துவரும்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இவர்களுக்கும் பட்டினி டயட்தான் வழி என்று இல்லை. 1997இல் வெளியான டேஷ் ஆய்வில் பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவை எட்டு வாரம் கொடுத்தார்கள். எடை மாறாமலேயே பார்த்துக்கொண்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11.4 குறைந்தது. இது பசியை அடக்குகிற உணவுமுறை இல்லை, தட்டில் இருப்பதை மாற்றுகிற உணவுமுறை. எதைச் சாப்பிடுவது என்பதை மருத்துவக் காரணம் முடிவு செய்யட்டும், எவ்வளவு என்பதில் பசிக்கும் ஒரு குரல் இருக்கட்டும் என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

எடையையும் குறைத்தாக வேண்டும் என்றால், விதிகளை எப்படிப் பிடித்துக்கொள்கிறோம் என்பது முக்கியம். உணவுக் கட்டுப்பாட்டை இறுக்கமானது, நெகிழ்வானது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுகள் 1990களிலிருந்து உள்ளன. 'இதைத் தொடவே மாட்டேன்' என்ற இறுக்கம் உள்ளவர்களிடம் அள்ளிச் சாப்பிடும் பழக்கமும் அதிக எடையும் சேர்ந்தே காணப்படுகின்றன. 'இன்று கொஞ்சம் கூடிவிட்டது, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்ற நெகிழ்வு உள்ளவர்களிடம் இரண்டும் குறைவு. நெகிழ்வான கட்டுப்பாடுதான் டயட் தரப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பாதி.

அனோரெக்சியா, புலிமியா போன்ற உண்ணுதல் கோளாறு உள்ளவர்கள் டயட் பக்கமே போகக் கூடாது. அதற்காக நேராகப் பசியை நம்பும் முறைக்கும் வந்துவிட முடியாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு பசி, நிறைவு இரண்டின் உணர்வும் குழம்பிக் கிடக்கும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறையில், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் ஒழுங்கைத்தான் முதலில் ஏற்படுத்துகிறார்கள். உள்ளுணர்வு பின்னால் வரும். இதைத் தனியாகச் செய்யக் கூடாது, சிகிச்சைக் குழு வேண்டும்.

வேலை காரணமாகப் பசித்த நேரத்தில் சாப்பிட வழியில்லாதவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஷிப்டில் நிற்கும் செவிலியரோ, நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவரோ பசி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. இன்னும் பசிக்காவிட்டாலும் இடைவேளையில் சாப்பிட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இந்த முறையைக் கற்பிப்பவர்களும் அதை ஏற்கிறார்கள்.

பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாக்ளுடைடு போன்ற ஊசிகள் வந்த பிறகு இந்த விவாதமே கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசி என்பது மனவலிமை சார்ந்த விஷயம் இல்லை, உடலின் ரசாயனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இந்த மருந்தில் இருப்பவர்களுக்குப் பசியே மங்கிவிடும். பசித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் புரதம் போதாமல் தசை கரையும். அவர்கள் திட்டமிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

டயட்டை விடுவது என்று முடிவெடுத்தால், முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், கூடவே ரத்த அழுத்தம். ஹெச்பிஏ1சி ரத்தச் சர்க்கரையின் கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள். அதுவரை எடைக் கருவியை ஒதுக்கி வையுங்கள். இடையில் வேறு சிலவற்றைக் கவனிக்கலாம். சாப்பாட்டைப் பற்றிய யோசனை நாளில் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது? ஒளித்துச் சாப்பிடுவது குறைந்திருக்கிறதா? மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது மனம் லேசாக இருக்கிறதா? இவை தேறி, பரிசோதனை எண்களும் நிலையாக நின்றால் அப்படியே தொடரலாம். மனம் தேறியும் எண்கள் ஏறினால், முழு டயட்டுக்குத் திரும்ப வேண்டிய அவசியமில்லை. மருத்துவரிடம் காட்டி, காலை உணவில் புரதமும் நார்ச்சத்தும் கூட்டுவது, இனிப்புப் பானத்தைத் தண்ணீராக மாற்றுவது போன்ற ஒன்றிரண்டு மாற்றங்களோடு அடுத்த மூன்று மாதத்தைத் தொடங்கலாம்.